சொட்டாதவர் வீட்டு ஈரம்

அந்த பிளம்பருக்குத் தொழில் வட்டாரத்தில் வைத்த பெயர் ‘சொட்டாதவர்’. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒட்டிய குழாய் ஒன்றுகூடச் சொட்டியதில்லை என்பது பேச்சு. ஒன்றுகூட என்பது கொஞ்சம் அதிகம்தான். தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு மூன்று சொட்டியிருக்கும். ஆனால் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டால் குழாய்ப் பசையைவிடக் கெட்டி, பிரிக்க முடியாது. யாராவது முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால், “சும்மா இருங்கப்பா” என்பார். சொல்லாமல் விட்டால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியிருக்காது.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் சொந்த வீட்டில், கூடத்துத் தரையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர் கிடந்தது.

அதிகமில்லை, உள்ளங்கை அகலம்தான். வாஷ் பேசினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், மனைவியின் செடித் தொட்டிக்கு ஒரு முழம் முன்னால். ராத்திரி கை கழுவும்போது தெறித்திருக்கும் என்று துடைத்துவிட்டுப் போனார். புதன்கிழமை காலையில் மறுபடியும் அதே இடம், அதே அகலம். குனிந்து பேசினுக்கு அடியில் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. கழிவுக்குழாயில் காகிதம் சுற்றிப் பார்த்தார். காகிதம் நனையவில்லை. வெளியே இல்லை என்றால் உள்ளே. சுவருக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. போன வருஷம் மனைவி கேட்டாளே என்று சமையலறையிலிருந்து பேசினுக்கு அவரே சுவரைக் குடைந்து, அவரே ஒட்டி, அவரே பூசி மூடிய குழாய்.

இதைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. மனைவி தன் அக்காவுக்கு மூட்டு அறுவை என்று இரண்டு வாரம் முன்னால் ரயிலேறியிருந்தாள். போகும்போது அவரைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலையெல்லாம் அந்தச் செடியைப் பற்றித்தான்.

செடிக்கும் ஒரு கதை உண்டு. அவள் இருபது வருஷம் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கடையின் மூலையில், வெயில் நேரே படாத இடத்தில், அது நின்றது. சேப்பங்கிழங்கு இலையைப் பெரிதாக்கி நுனியைக் கூராக்கினால் எப்படி இருக்கும், அப்படி இலை. எல்லோரும் யானைக்காது என்பார்கள். கடை கைமாறியபோது புதிய முதலாளி செடியைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வாடகை வண்டியில் செடி முன் சீட்டில், அவள் பின் சீட்டில். “மாப்பிள்ளை அழைப்பா?” என்று கேட்டார் பிளம்பர். அவள் கதவைத் திறந்து செடியைத்தான் முதலில் இறக்கினாள்.

ரயிலேறும் அன்று தொட்டியின் முன் அவரை நிறுத்திப் பாடம் நடத்தினாள்.

“வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைங்க. இலையில தூசி இருந்தா ஈரத்துணியால துடைங்க. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள ரெண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா ஊத்தக் கூடாது. காஞ்சிருந்தா ஒரு சொம்பு.”

“தண்ணி விஷயத்தை எனக்கே சொல்லித் தர்றியா?”

“குழாய்க்குள்ள ஓடுற தண்ணி உங்களுக்குத் தெரியும். மண்ணுக்குள்ள நிக்கிற தண்ணி வேற.”

அவர் சொன்னபடியே செய்தார், அதில் பழி சொல்ல முடியாது. தினமும் சாயந்திரம் வேலையிலிருந்து வந்ததும் விரலை விட்டுப் பார்த்தார். தினமும் காய்ந்திருந்தது. தினமும் ஒரு சொம்பு ஊற்றினார். முதல் வாரக் கடைசியில் அடியிலிருந்த இலை ஒன்று மஞ்சளடித்தது. பாவம், தாகம் போலிருக்கிறது என்று ஒன்றரைச் சொம்பாக்கினார். “சரியான குடிகாரச் செடி” என்று போனில் மனைவியிடம் சொல்ல நினைத்து மறந்துபோனார்.

அவள் இல்லாததில் ஒரு நன்மை இருந்தது. டீயை அவரே போட்டு, டம்ளர் தளும்ப ஊற்றிக்கொள்ளலாம். ஒரு வருஷமாக அவளுக்குக் கை சுருங்கிவிட்டது. முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. கேட்டால், “வயசாச்சு, கொஞ்சமா குடிங்க” என்பாள். இப்போது தளும்பத் தளும்ப ஊற்றினார். பாதி வாய்க்குப் போயிற்று, மீதி சட்டைக்குப் போயிற்று. காரணம் அவருக்குத் தெரியும். அந்தக் காரணத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

வலது கை நடுங்கியது. தையல் மிஷின் ஓடும்போது பக்கத்தில் வைத்த டம்ளர் ஆடுமே, அந்த அளவுதான். எப்போதும் இல்லை. பாரம் தூக்கினால் இருக்காது. நிதானமாக, மெல்லமாக எதையாவது பிடிக்கும்போது வரும். குழாய் ஒட்டுவது நிதானமான வேலை. பசை தடவி, குழாயைச் செருகி, கால் சுற்றுத் திருப்பி, மூச்சுப் பிடித்து ஆடாமல் வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆடினால் பார்வைக்கு ஒட்டியது போலவே இருக்கும். ஆனால் உள்ளே மயிரிழை வழி விட்டிருக்கும். சுவரைப் பூசி ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் அது வாய் திறக்கும்.

நடுக்கம் வந்தபிறகு அவர் செய்த முதல் வேலை இந்த வாஷ் பேசின் குழாய். அதற்கப்புறம் பதினொரு வீடு முடித்திருந்தார். பதினொரு வீட்டிலும் சுவருக்குள் அவர் கை. இங்கே ஒட்டு விட்டிருந்தால் அங்கேயும் விட்டிருக்கும். பதினொரு வாசலில் போய் நின்று, “உங்க சுவரை உடைச்சுப் பார்க்கணும்” என்று சொல்ல வேண்டும். அப்புறம் கருவிப் பையை மடித்து வைத்துவிட வேண்டும். சொட்டாதவர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அது போகட்டும், கூப்பிடாமலே இருக்கட்டும். ஆனால் நாளைக்குக் காலையில் எழுந்து மனுஷன் எங்கே போவது?

வியாழக்கிழமை வீட்டுக்கு வரும் தண்ணீரை வால்வில் அடைத்துவிட்டுப் படுத்தார். காலையில் தரை ஈரம். வேறு யாராக இருந்தாலும், ‘அப்படியானால் குழாய் இல்லை’ என்று மூச்சு விட்டிருப்பார்கள். இவருக்கோ, ‘அந்த வால்வும் நான் மாட்டினதுதானே’ என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அழுத்தம் பார்க்கும் பம்ப் ஒன்றை வைத்துக் கால் மணி நேரத்தில் உண்மையைத் தெரிந்துகொள்ளலாம். பம்ப் அவருக்கு வழக்கமாக வேலை தரும் கான்ட்ராக்டரிடம் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார். அதைச் சொல்வதற்குப் பதில் சுவரையே உடைத்துவிடலாம்.

அந்த கான்ட்ராக்டர் அம்மா வெள்ளிக்கிழமை தானாகவே கூப்பிட்டார். சிறிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். குழாய் வேலை முழுவதும் இவர் கையில் என்று ஏற்கெனவே பேச்சு.

“திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாமா அண்ணா? குழந்தைங்க பொறக்கப் போற இடம். அதனாலதான் வேற யாரையும் நான் கூப்பிடல.”

“ஞாயித்துக்கிழமை சொல்றேன் மேடம்.”

“என்ன இது, நீங்க யோசிச்சுச் சொல்ற ஆளே இல்லையே?”

“ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன்.”

போனை வைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழந்தை பிறக்கிற இடம் என்று அந்த அம்மா ஏன் சொல்ல வேண்டும்?

சனிக்கிழமை காலை உளியும் சுத்தியலும் எடுத்தார். பேசினுக்குப் பக்கத்தில், குழாய் முழங்கை போல மடங்கும் வளைவு இருக்கும் இடம் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நான்கு அடி அடித்திருப்பார், போன் மணி அடித்தது. மனைவி.

“செடி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றார். சுவரிலிருந்து பெயர்ந்த காரை ஒன்று தொப்பென்று தரையில் விழுந்தது.

“அது என்ன சத்தம் கேட்டுச்சு?”

“மேல் வீட்டுல ஏதோ வேலை நடக்குது.”

“மேல் வீட்டுக்காரங்க என்கூட ரயில்லதானே வந்தாங்க? இன்னும் திரும்பலையே.”

“அதான், ஆளை வச்சுச் செய்றாங்க.”

“நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, பூசணிக்காய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமில்லை.

பத்து மணிக்குள் சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். வளைவு தூசியோடு அப்படியே இருந்தது. காகிதத்தைச் சுற்றிவிட்டு முன்னால் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காகிதம் உலர்ந்தே இருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். சில்லென்றுகூட இல்லை. நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. அரை நிமிஷம்தான். இன்னொரு ஒட்டு இருக்கிறதே. தரைக்கடியில், சமையலறைப் பக்கமிருந்து வரும் குழாய் சுவருக்குத் திரும்பும் இடத்தில். அதை ஒட்டிய அன்றுதான் கை அதிகமாக ஆடியது, நன்றாக நினைவிருந்தது. ஈரம் கிடந்ததும் தரையில்தானே.

அன்று சாயந்திரமும் மறக்காமல் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருக்கவே, செடிக்கு ஒன்றரைச் சொம்பு ஊற்றினார். கவலை மனுஷனுக்குத்தான், செடி என்ன பாவம் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் எழுந்துவிட்டார். மனைவி வருவதற்குள் தரையைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஈரம் வழக்கம்போல அதே இடத்தில். துடைத்தார், முட்டி போட்டார், உளி முனையை டைலின் ஓரத்தில் வைத்தார். கை ஆடியது. உளி டைலில் டிக் டிக்கென்று தட்டியது. நடுக்கம் அடங்கட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. அறுபத்தொரு வயதில், தன் வீட்டுத் தரையில் முட்டி போட்டு, உளியைப் பிடித்துக்கொண்டு அழுவதாவது என்று பல்லைக் கடித்தார்.

பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஒரு கறைகூட இல்லை. இன்னொரு சொட்டு காதோரம் விழுந்தது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தலைக்கு மேலே, தொட்டியிலிருந்து ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு, யானைக்காதின் பெரிய இலை. அதன் கூர்நுனியில் ஒரு துளி நின்றது. அது மெல்ல உருண்டது, கனத்தது, இழுபட்டது, விழுந்தது. அவர் துடைத்த இடத்திலேயே விழுந்தது. நுனியில் அடுத்தது ஊறத் தொடங்கியது.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஏழெட்டுச் சொட்டு விழும்வரை அசையவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் வயிறு குலுங்க. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினானாம் ஒருத்தன். இவர் தேடியதோடு நிற்கவில்லை, சுவரையும் உடைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

மனைவி ரயிலில் இருந்தாள். கூப்பிட்டார்.

“உன் செடி சொட்டுது.”

“எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?”

“தினமும் ஒரு சொம்பு. அப்புறம் ஒன்றரை.”

“தினமுமா?” ரயில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். “மண்ணுல தண்ணி கூடுதலா நின்னா, ராத்திரில அது இலை நுனி வழியா வெளிய தள்ளிடும். காலைல வெளிச்சம் வந்ததும் நின்னுடும். விரலை விட்டுப் பாருங்கன்னு சொன்னேனே?”

“பார்த்தேன். தினமும் காஞ்சுதான் இருந்துச்சு.”

“உங்க விரலுக்கு என்ன தெரியும்? கொதிக்கிற டம்ளரையே சும்மா பிடிக்கிற விரல் அது. மண்ணைக் கொஞ்சம் எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார். கன்னத்தில் சில்லென்று ஈரம் பட்டது. முப்பத்தெட்டு வருஷப் பசையும் உரசலும் விரல் நுனிகளைச் செருப்புத்தோலாக ஆக்கியிருந்தன. குழாய்க்குக் கன்னத்தை வைத்த மனுஷனுக்கு, மண்ணுக்கும் கன்னம் வைக்கலாம் என்று தோன்றவில்லை. அழகுக்காக வைத்த வெளித்தொட்டியிலிருந்து செடியை உள்தொட்டியோடு தூக்கினார். அடியில் அரை வாளித் தண்ணீர் நின்றது. முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டு வடிகாலைப் பார்த்தவர், தன் வீட்டுத் தொட்டிக்கு வடிகால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். மண்ணில் ஆழமாகக் குத்திப் பார்க்க, ஒரு ஐஸ் குச்சியைத் தேடிக் கழுவி வைத்தார். குச்சியில் மண் ஒட்டினால் ஈரம், ஒட்டாவிட்டால் காய்ந்த மண். விரலை இனி நம்புவதில்லை.

மணி ஏழுகூட ஆகவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. பதினொரு வீட்டுக்கும் வரிசையாகப் போன் போட்டார்.

“உங்க வீட்டுல எங்கயாவது சொட்டுதா?”

“இல்லையே. ஏன்?”

“சுவர்ல ஈரம், பூஞ்சை, ஏதாவது?”

“ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல இதைக் கேக்கவா எழுப்புனீங்க?”

பதினொரு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாக அவர் திட்டு வாங்கியதே இல்லை. கடைசியில் கான்ட்ராக்டர் அம்மாவைக் கூப்பிட்டார். வருகிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“மேடம், ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷமா வலது கை லேசா நடுங்குது. சுவரை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஒட்டையும் பம்ப் வச்சுப் பார்க்கணும். நீங்களும் பக்கத்துல நிக்கணும்.”

“நின்னுட்டாப் போச்சு. டாக்டரைப் பார்த்தீங்களா?”

“இன்னும் இல்லை.”

“முதல்ல பாருங்க. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க.”

இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்துக் காத்த விஷயம் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

மனைவி மத்தியானம் வந்தாள். பையை வைத்ததும் செடியிடம்தான் போனாள். மஞ்சள் இலையைக் கிள்ளினாள், தண்டை அமுக்கிப் பார்த்தாள். “வேர் அழுகல. பொழைச்சுக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றாள். அப்புறம் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

“மேல் வீட்டு வேலை நம்ம சுவர் வரைக்கும் வந்துடுச்சா?”

வெளியாரிடம் சொல்லிவிட்டவருக்கு வீட்டாளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் ஓட்டைக்குள் கையை விட்டு வளைவைத் தடவினாள். கையை வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தாள். தூசி மட்டும் இருந்தது.

“காஞ்சுதானே இருக்கு?”

“காஞ்சுதான் இருக்கு.”

“அப்போ பூசி மூட வேண்டாம். ஒரு சின்னக் கதவு போட்டுடுங்க. உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்தாலும் திறந்து பார்த்துக்கலாம்.”

“எதுக்கு எனக்குச் சந்தேகம் வரப்போகுது?”

அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டாள். அவர் பின்னாலேயே போய் நிலைப்படியில் சாய்ந்தார்.

“இந்தா, ஒண்ணு சொல்லணும். என் வலது கை கொஞ்சம்...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஒரு வருஷமா முக்கா டம்ளர்தானே ஊத்துறேன். நீங்க சட்டையைக் கறையாக்கிட்டு, நான் பார்த்துட்டேனான்னு திருட்டு முழி முழிப்பீங்க. அதை என்னால பார்க்க முடியல.”

“ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம், ரெண்டு பேரும். அக்காவுக்குப் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே விசாரிச்சு, இங்க நம்ம ஊர் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்.”

ஒரு வருஷம் அவர் மறைத்தார் என்றால், ஒரு வருஷம் அவள் தெரியாதவள் போல இருந்தாள். இருவரில் யாருக்கு அது கஷ்டமான வேலை என்று இப்போதுதான் யோசித்தார்.

அவள் டம்ளரை நீட்டினாள். அவர் வலது கையாலேயே வாங்கினார். கை ஆடியது, மறைக்கவில்லை. முக்கால் டம்ளர் டீ ஒரு சொட்டுச் சிந்தாமல் வாய்க்கு வந்து சேர்ந்தது.